அவள் சொன்ன ‘தொக்கா’

ஜட்காவிலிருந்து முதலில் வெளியே நீண்டது ஒரு காகிதக் குடை. எண்ணெய் பூசி மினுமினுக்கும் மஞ்சள் குடை. அதன் பிறகே அதைப் பிடித்திருந்தவள் இறங்கினாள்.

நான் வாசலில் கோழிகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தேன். பாளையங்கோட்டையில் எங்கள் வேதக்கோயில் தெருவுக்கு வெள்ளைக்காரத் துரைசானிகள் வருவார்கள், போவார்கள். அவர்களைப் பார்த்து யாரும் வாய் பிளப்பதில்லை. இவள் வேறு மாதிரி இருந்தாள். இடுப்பில் பட்டுக் கைலி, மேலே வெள்ளைச் சட்டை, உச்சியில் உருட்டிச் செருகிய கொண்டை. கன்னங்களில் அரைத்த சந்தனம் போல ஒரு பூச்சு. பிரயாணத்தில் அது திட்டுத்திட்டாக உதிர்ந்திருந்தது. வயது முப்பதுக்குள் இருக்கும்.

“வேதமாணிக்கம் வாத்தியார் வீடு இதானம்மா?” என்றான் வண்டிக்காரன். ஆமென்றேன். கூலியை வாங்கிக்கொண்டு வண்டியைத் திருப்பிவிட்டான். இவளை எங்கிருந்து ஏற்றி வந்தாய், கூட யாரும் இருந்தார்களா என்று அவனிடம் நாலு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைய பாடே வேறு விதமாகப் போயிருக்கும். யாருக்கும் தோன்றவில்லை.

இத்தனை வாரமாக எழுதுகிறேன், என் அண்ணன் தானியேலைப் பற்றி ஒரு வரியும் வரவில்லையே என்று சில வாசகர்கள் கேட்கிறார்கள். எழுதக்கூடாது என்று வைத்திருக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் எது முன்னால், எது பின்னால் என்று குழம்பிப்போகிறது. எப்போது நடந்தது என்றாவது தெளிவாகச் சொல்லலாம் என்றால் அதுவும் முடியவில்லை. ஜெர்மன் சண்டை இன்னும் தொடங்கவில்லை. அல்லது தொடங்கியிருந்து எங்கள் தெருவுக்குத் தெரியவில்லை. ஆடிக் காற்று அடித்து ஓய்ந்திருந்த சமயம் என்பது மட்டும் நிச்சயம். அதனால் அந்தக் குடையிலிருந்தே தொடங்குகிறேன்.

வா, போ

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா, நான், அண்ணன் பெஞ்சாதி அன்னம்மா மதினி. அம்மா முன்பே இறந்துவிட்டாள். அண்ணன் ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதப் போய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. முதலில் மாதம் தவறாமல் காகிதம் வந்தது. பிறகு கிறிஸ்மஸுக்கு மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோனது.

குடைக்காரி அப்பாவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் மண்டியிட்டுக் கும்பிட்டாள். எழுந்து, “தானியெ… தானியெ…” என்றாள். அப்பாவின் முகம் வெளுத்தது.

“தானியேலா? எம்மவனா?”

அவள் பலமாகத் தலையாட்டினாள். “தானியெ தொக்கா. தொக்கா!” இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அதன்மேல் கன்னத்தைச் சாய்த்துக் கண்களை மூடிக் காட்டினாள். பிறகு தெருவைக் காட்டி, “போ… போ…” என்றாள். அப்பாவின் கையைப் பிடித்து, “வா” என்று இழுத்தாள். மறுபடியும் “போ”. அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் போலிருந்தது.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

“துக்கம்னு சொல்லுதா. போயிட்டான்னு சொல்லுதா. கண்ண மூடிட்டான்…”

உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அன்னம்மா மதினி வந்து நிலைப்படியில் நின்றாள். விரல்களில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. அவள் அழவில்லை. முதலில் ஒரு சிரிப்பு மாதிரிதான் வந்தது. அப்புறம்தான் அந்தச் சத்தம். அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

தெரு கூடிவிட்டது. பெண்கள் மதினியைச் சுற்றி உட்கார்ந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, வேதக்கோயிலில் சாவு மணி அடிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் கோழிகள்கூட ஒதுங்கின.

குடைக்காரி நடுவில் நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அப்பாவின் கையை இழுத்தாள். என் கையை இழுத்தாள். யாரும் அசையவில்லை. சேதி சொல்ல வந்தவளுக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். அவள் செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு மறுபடி “தொக்கா” என்றாள். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் அழுகை ஒரு சுற்று உயர்ந்தது.

கடைசியில் கால் சோர்ந்து தரையில் உட்கார்ந்தாள். மடியிலிருந்து கைத்தடி கனத்துக்கு ஒரு சுருட்டை எடுத்துப் பற்றவைத்துப் புகையை இழுத்தாள்.

அழுகை சட்டென்று நின்றது. ஒப்பாரி பாடிக்கொண்டிருந்த எஸ்தராள் அத்தை பாதி வரியிலேயே வாயை மூடிக்கொண்டாள்.

மிஸ்ஸியம்மாள் கேட்ட கலகம்

அப்பாவுக்குச் சொற்கள்தான் பிழைப்பு என்பதை இங்கே சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின், சீமையிலிருந்து மிஷன் வேலைக்குப் புதிதாக வரும் மிஸ்ஸியம்மாள்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்துவந்தார்.

அப்படி வந்த ஒருத்தி, தன் பாஷையில் ஒரே சொல்லாக இருக்கும் ‘டிரபிள்’ என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டாள். அப்பா, தொல்லை, தொந்தரவு, கஷ்டம், இடைஞ்சல், உபத்திரவம், தகராறு, சச்சரவு, வம்பு, கலகம் என்று அடுக்கினார். வேதத்தில் வருவது உபத்திரவம். வாய்க்கால் தண்ணீருக்கு அடித்துக்கொண்டால் தகராறு. அது நவாபு காலத்தில் வந்த சொல். பட்டாளக்காரர்கள் கொண்டுவந்தது லடாய். கூட்டம் கூடிக் கல்லெறிந்தால் கலகம். போலீஸ் கச்சேரியில் கலகம் என்று எழுதிவிட்டால் ஜெயில், தகராறு என்று எழுதினால் அபராதத்தோடு போய்விடும். எல்லாவற்றையும் விளக்கினார். மிஸ்ஸியம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

மறு வாரம் அவள் வீடு வீடாகப் போனாள். வயிற்றுவலியில் படுத்திருந்த ஒரு கிழவியிடம் குனிந்து, மிகுந்த அன்போடு, “உம்முடைய வயிற்றில் என்ன கலகம்?” என்று கேட்டாள். கிழவி வலியை மறந்து சிரித்தாளாம். அப்பா இதைச் சொல்லும்போது மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்.

அந்த அப்பாதான் அன்று ஒரு சொல்லைக் கேட்டு இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். துக்கம் என்றால் எங்கள் பக்கத்தில் சாவுதான். துக்க வீடு என்றால் சாவு வீடு. அவர் காதில் அதுதான் விழுந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் காதிலும் அதுவேதான் விழுந்தது.

ஹவில்தார் சொன்ன அர்த்தம்

பக்கத்து வீட்டில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஹவில்தார் பொன்னையா, பட்டாளத்தோடு சிக்கந்தராபாத்தில் கிடந்தவர். இந்துஸ்தானி தெரியும். அவர் குடைக்காரியின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உற்றுக் கேட்டார்.

“தொக்கா?”

“தொக்கா, தொக்கா!” என்றாள் அவள், யாரோ ஒருவராவது காது கொடுத்தாரே என்ற ஆவலில்.

ஹவில்தார் எழுந்து மீசையைத் தடவினார். “வாத்தியாரே, அழுகைய நிப்பாட்டும். இவ துக்கம்னு சொல்லல வே. தோக்கான்னுல்லா சொல்லுதா. இந்துஸ்தானில தோக்கான்னா மோசம் பண்ணுறது. ஏமாத்து. உம்ம மவன் சாகல. இவளக் கட்டிக்கிட்டு ஏமாத்திட்டு ஓடிட்டான். நியாயம் கேக்க வந்திருக்கா.”

“அப்ப கண்ண மூடிக் காட்டுதாளே?”

“சேர்ந்து படுத்ததைச் சொல்லுதா. இதுகூடவா விளங்கல?”

பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். இவ்வளவுக்கும் அந்தப் பெண் எங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் யார் என்று சொன்னால் வேலை நடக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, நெஞ்சில் தட்டிக்கொண்டு, “மா தின். மா தின்” என்றாள்.

எஸ்தராள் அத்தை எழுந்தேவிட்டாள். “கேட்டியளா! மாங்கா தின்னணுமாம்! ஏட்டி, இவ வாயும் வயிறுமால்லா வந்திருக்கா!”

மா தின் என்பது அவள் பெயர் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா இப்போது எழுந்துகொண்டார். சற்று முன் மகன் செத்தான் என்று அழுத மனிதர், “அந்தப் பய செத்தே போயிருக்கலாம்” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் உயிரோடிருக்கிறான் என்று சந்தோஷப்படுவதா, இப்படிச் செய்துவிட்டானே என்று வெட்கப்படுவதா? வெளியே சாவு மணி இன்னும் நிற்கவில்லை. அதை நிறுத்தச் சொல்லவேண்டும் என்றுகூட யாருக்கும் நினைப்பில்லை.

மதினிதான் முதலில் அசைந்தாள். அவிழ்ந்து கிடந்த தலையை முடிந்தாள். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள். நேரே அடுப்படிக்குப் போய் அணைந்த அடுப்பை மறுபடி மூட்டினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

“மதினி, என்ன செய்யுதிய?”

“துட்டி வீட்டுலதான் அடுப்பு எரியாது. அவுக உசுரோட இருக்காகன்னா உலை வைக்கணும்லா? வந்தவளுக்குப் பசிக்கும்.”

அவள் குரலில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். சோறு வெந்ததும் இலை போட்டு, அந்தப் பெண்ணின் முன்னால் அவளே பரிமாறினாள். மா தின் இலையைத் தொடவில்லை. மதினியின் கையைப் பிடித்து, “போ. வா. போ” என்று சொல்லி விம்மி விம்மி அழுதாள்.

மேலப்பாளையத்துச் சாயபு

உச்சிப் பொழுது சாய்ந்தபின் மீரான் சாயபு வந்தார். மேலப்பாளையத்தில் துணி வியாபாரி. இருபது வருஷத்துக்குமேல் பர்மாவில் கடை வைத்திருந்தவர். அண்ணனுக்கு அந்த ஆலையில் வேலை வாங்கிக்கொடுத்தவரே அவர்தான். கண் பார்வை குறைந்ததும் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். துட்டி கேட்கத்தான் வந்தார்.

“வாத்தியாரே, மௌத்துன்னு கேள்விப்பட்டு ஓடியாரேன். எப்பிடி ஆச்சு?” என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தவர், மா தின்னைக் கண்டு நின்றார். அவளோடு இரண்டு வார்த்தை பேசினார்.

அணை உடைந்ததுபோல இருந்தது. அவள் பேசினாள், பேசினாள், மூச்சு வாங்காமல் பேசினாள். சாயபு இடையில் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“யாரு வே மௌத்துன்னு சொன்னது? உசுரோட இருக்கான்! ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சத்திரத்துல காய்ச்சல்ல கெடக்கான். ரயிலை விட்டு எறங்குனதும் விழுந்துட்டானாம். இவளால தூக்க முடியல. உங்க தெருவையும் உம்ம பேரையும் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தா, அதைச் சொல்லி வண்டி பிடிச்சு வந்திருக்கா. காலையிலேருந்து உங்களைக் கூப்பிடுதா. ‘வா, போ’ன்னா போலாம் வாங்கன்னு சொல்லுதா வே!”

“தொக்கான்னா?” என்று கேட்டார் அப்பா.

“தொல்லை. கஷ்டம். நாங்க முசீபத்துன்னு சொல்லுவோம். பர்மாக்காரன் மாடு காணாமப் போனாலும் தொக்காம்பான், வயித்துவலி வந்தாலும் தொக்காம்பான். நீங்க அதுக்குப்போய் மணி அடிச்சிருக்கியளே!”

ஹவில்தார் எப்போது வெளியே போனார் என்று நான் கவனிக்கவில்லை.

சத்திரத்தில்

மாட்டு வண்டியில் அப்பா, சாயபு, மா தின், நான். பொம்பளைகள் எதற்கு என்று யாரோ சொன்னார்கள். மதினி ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஆற்றுப் பாலத்தைக் கடக்கையில் மாடுகள் ஊர்வதுபோல எனக்குத் தோன்றியது. கீழே தண்ணீர் கலங்கலாக ஓடியது. அந்த வெயிலில் ஈரத் துணி வாசமும் ஆற்று மணல் வாசமும் மேலே வந்தன. மதினி கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். எதற்காக ஜெபித்தாளோ தெரியாது.

சத்திரத்துக் கூடத்தில் ஒரு மூலையில் பாயில் கிடந்தான். தாடி. எலும்பு. சத்திரத்துக்காரர் நெற்றியில் ஈரத்துணி போட்டு வைத்திருந்தார். போர்வையை விலக்கியபோதுதான் வலது கை மணிக்கட்டோடு இல்லாததைப் பார்த்தோம். ஆலை இயந்திரத்தின் பட்டையில் சிக்கிப் போனதாம். காகிதம் நின்றுபோனதன் காரணம் ஒன்றாவது விளங்கியது.

அப்பா “தானியேலே, ஏலே” என்று அவன் தலைமாட்டில் விழுந்தார். அண்ணன் கண்ணைத் திறந்தான். அப்பாவைப் பார்த்தானா என்று தெரியவில்லை.

“அவ எங்க?” என்றான்.

“இங்கனதான் இருக்கேன்” என்றாள் மதினி. அதே நொடியில் மா தின்னும் தன் பாஷையில் ஏதோ பதில் சொல்லிக் குனிந்தாள். அண்ணன் ஒருத்தியைப் பார்த்தான், மற்றவளைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டான்.

அவனை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் மா தின், மதினியின் பக்கம் மோவாயைக் காட்டி சாயபுவிடம் ஏதோ கேட்டாள். சாயபு ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். அதன்பின் அவள் மதினியையே பார்த்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அப்படியேதான் பார்த்தாள்.

இரண்டு பேரும் நானும்

அண்ணன் பிழைத்தான். ஊரில் அடுத்த குழப்பம் தொடங்கியது. மணி அடிக்கும் யாக்கோபு, “சாவு மணி அடிச்சாச்சே ஐயரே, அதைத் திரும்ப எடுக்கதுக்கு எப்பிடி அடிக்கணும்?” என்று குருவானவரிடம் கேட்டாராம். அவர் யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அறிவித்துவிடலாம் என்றாராம்.

பிறகு குருவானவர் ஆஸ்பத்திரிக்கு வந்து அண்ணனிடம் விசாரித்தார். “இந்த அம்மாள் உமக்கு யார்?” அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அப்பா அவசரமாக, “ஒத்தாசைக்கு வந்த பொம்பள ஐயரே. நோவுல பாத்துக்கிட்டவ” என்றார்.

கால்மாட்டில் நின்ற மதினி, “அவுக பெஞ்சாதி” என்றாள். “நான் மூத்தவ.”

அண்ணனை நற்கருணையிலிருந்து விலக்கிவைத்தார்கள். அப்பா மதினியிடம் ஒரு மாதம் பேசவில்லை. உண்மையைச் சொன்னதற்கா, தன்னைப் பொய்யராக்கியதற்கா என்று அவரும் சொல்லவில்லை.

மா தின் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். எஸ்தராள் அத்தை சொன்னதுபோல அவள் வாயும் வயிறுமாக இல்லை. என் அறையில் படுப்பாள். விடியுமுன் எழுந்து கிணற்றடியில் குளித்துவிட்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்து முணுமுணுப்பாள். வேதக்கோயில் தெருவில் ஒரு பெண் சுருட்டுப் பிடிப்பதைப் பார்க்க வேலியோரம் ஆட்கள் வந்து நிற்பார்கள். மதினி அவளுக்காகச் சாணித் தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் போவாள். கூட்டம் கலையும்.

இரண்டு பேருக்கும் ஒரு சொல்லும் பொது இல்லை. ஒருத்தி அரிசி களைந்தால் மற்றவள் உலைக்குத் தண்ணீர் வைப்பாள். ஒருத்தி ஆஸ்பத்திரிக்குக் காலையில் போனால் மற்றவள் சாயங்காலம் போவாள். யாரும் அப்படி ஏற்பாடு செய்து கொடுக்கவில்லை. எனக்குப் புரியாதது ஒன்று இருந்தது. மதினி ஏதாவது வேலையாக இருக்கும்போது மா தின் பைய வந்து அவள் முழங்கையைத் தொட்டுப் பார்ப்பாள். சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல விரலை வைத்து எடுப்பாள். மதினி திரும்பிப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒரு கேள்வி

மழைக்காலம் முடிந்து, அண்ணன் எழுந்து நடமாடத் தொடங்கியதும் மா தின் கிளம்பினாள். யாரும் போகச் சொல்லவில்லை. ஊருக்கு வந்திருந்த சாயபுவின் மருமகன் குடும்பம் ரங்கூனுக்குப் புறப்பட்டது. அவர்களோடு போவதாகச் சொன்னாளாம். சந்தையில் அவளுக்கு மீன் கருவாட்டுக் கடை இருந்தது. ஊருக்குப் போகவேண்டும் என்று அவன் அழுதான், கொண்டுவந்து விட்டேன், அவ்வளவுதான் என்றாளாம். அண்ணன் ஸ்டேஷனுக்கு வரவில்லை. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான்.

மதினி வந்தாள். ஒரு துணியில் முறுக்கும் அவலும் கட்டிக்கொடுத்தாள். ரயில் வருவதற்கு முன், திடீரென்று சாயபுவின் பக்கம் திரும்பினாள்.

“மாமா, அவகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லணும். என்னப் பத்தி அவுக அவகிட்ட சொல்லியிருந்தாகளா? நான் ஒருத்தி இங்கன இருக்கேன்னு?”

சாயபு தயங்கினார். பிறகு கேட்டார்.

மா தின் பேசத் தொடங்கினாள். நெடுநேரம் பேசினாள். இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தாள், உயர்த்தினாள், எதையோ ஏற்றிவைப்பதுபோலக் காட்டினாள். கன்னத்துப் பூச்சின்மேல் கண்ணீர் கோடு கோடாக இறங்கியது. கடைசியில் மதினியின் முன்னால் மண்டியிட்டு, எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அப்பாவைக் கும்பிட்டதுபோலக் கும்பிட்டாள்.

சாயபு தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சொன்னானாம் மவளே” என்றார். “நல்லவிதமாத்தான் சொன்னானாம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் மவளே.”

அத்தனை நீளமான பேச்சுக்கு இத்தனை சின்ன அர்த்தமா? எனக்கு அப்போதே உறுத்தியது. மதினி மேலே கேட்கவில்லை. மா தின்னைத் தூக்கி நிறுத்தி, அவள் கைலியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். ரயில் வந்துவிட்டது.

வள்ளியூரில்

மறு வருஷமே மதினி வள்ளியூர்ப் பக்கத்தில் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாகப் போய்விட்டாள். கலியாணத்துக்கு முன்பே அவள் வாத்தியாரம்மா டிரெயினிங் முடித்தவள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. பெட்டியைக் கட்டினாள், அண்ணனிடம், “போயிட்டு வாரேன்” என்றாள். கிறிஸ்மஸுக்கு வருவாள், எல்லாருக்கும் பலகாரம் சுடுவாள், திரும்பிவிடுவாள். அண்ணன் இடது கையால் எழுதப் பழகி ஒரு மண்டிக் கடையில் கணக்குப் பார்த்தான். அவர்களுக்குள் கோபமா, சமாதானமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சில வருஷங்களில் ஒரு மாசி மாதம் அண்ணன் படுத்தான், போய்விட்டான். இந்தத் தடவை மணி அடிக்குமுன் யாக்கோபு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். மதினி வந்து காரியங்கள் முடியும்வரை இருந்தாள்.

அதற்கும் பிறகுதான், மீரான் சாயபு படுக்கையில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு மேலப்பாளையம் போனேன். பார்வை முழுக்கப் போயிருந்தது. என் குரலைக் கண்டுகொண்டார். பேச்சுக்கு நடுவில் அவரே தொடங்கினார்.

“அன்னிக்கு ஸ்டேஷன்ல நான் முழுசாச் சொல்லலம்மா.”

“என்ன சொன்னா அவ?”

“பெஞ்சாதி செத்துப்போயிட்டான்னு ஒங்க அண்ணன் அவகிட்ட சொல்லியிருக்கான். அதனாலதான் அவ அவனைக் கட்டியிருக்கா. அன்னிக்கு வண்டியில இது யாருன்னு கேட்டா, பெஞ்சாதின்னேன். அப்பதான் அவளுக்கே தெரியும். செத்தவ ஆத்மாவுக்கு நல்ல கதி கெடைக்கணும்னு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அவுக கோயில்ல போயி, இந்தப் பிள்ளை பேரைச் சொல்லி மெழுகுத்திரி ஏத்திக்கிட்டு இருந்திருக்கா. ‘நீ உசுரோட இருக்கும்போது ஒன்னைச் செத்தவளா வச்சுக் கும்பிட்டேன், மன்னிச்சுக்க’ன்னு அழுதா. அதை நான் எப்பிடிம்மா அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லுவேன்?”

திரும்பி வரும்போது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மதினிக்குச் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் செத்தவனை மறுபடி சாகடிப்பதுபோல இருக்குமோ? சொல்லாவிட்டால் அது யாருக்கு நல்லது? நாட்கணக்கில் குழம்பினேன். பிறகு வள்ளியூருக்கு வண்டி ஏறினேன்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் மதினி முறத்தில் பயறு பார்த்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே கல் பொறுக்கினாள். அண்ணன் சொன்ன பொய்யைச் சொன்னபோதும் அவள் கை நிற்கவில்லை. மெழுகுத்திரியைச் சொன்னதும், “எனக்காகவா?” என்று கேட்டாள்.

“ஒங்களுக்காகத்தான் மதினி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி.”

“என்ன பேரச் சொல்லி ஏத்துனாளாம்?”

“அதுலதான் சாயபுக்குப் பிசகு. என்ன பேருன்னு கேட்டேன், சிட்டுன்னு சொல்லி ஏத்துனாளாம்னாரு. அப்பிடி ஒரு பேரு நம்ம வீட்டுல யாருக்குமே கெடையாதே? வயசாயிட்டு, வேற யாரையோ நெனச்சுச் சொல்லுதாரு.”

மதினியின் கை நின்றது. முறத்தைக் கீழே வைத்தாள்.

“பிசகு இல்ல” என்றாள்.

பிள்ளைகள் சாயங்கால ஜெபத்துக்கு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து அவர்களிடம் போனாள்.